காப்புக் கட்டின பாட்டில்

எங்க அக்கா மகளுக்கு ஒண்ணுக்கு வந்தா அதை முதல்ல டெல்லிக்குச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் கக்கூஸ் பக்கம் போகணும். ஏதோ கோபத்துல மிகைப்படுத்திப் பேசறேன்னு நினைக்காதீங்க. கோபம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா மிகைப்படுத்தறதுக்கு இதுல இடமே இல்ல. அந்த வேலையையும் அவங்களே செஞ்சு முடிச்சுட்டாங்க.

பாப்பா பேரு பிரியதர்ஷினி. நடைப்போட்டிக்காரி. ஓட்டம் இல்லீங்க, நடை. இதை ஊருக்குப் புரிய வைக்கறதுக்குள்ள எனக்குப் பாதி உயிர் போச்சு. நடக்கறதுக்கெல்லாம் கப்பு குடுக்கறாங்கன்னா எங்க வீட்டு எருமைக்கு எத்தனை கப்பு குடுக்கணும்னு கேட்டவங்க எல்லாம் உண்டு. இந்த நடையில ஒரு கால் எப்பவும் தரையில இருக்கணும், முட்டி மடங்கக் கூடாது, ஆனா வேகம் மட்டும் ஓட்டத்துக்குச் சமமா இருக்கணும். உத்தனப்பள்ளி ரோட்டுல இடுப்பை ஆட்டிக்கிட்டு அவ நடந்தா தக்காளி லாரிக்காரன் பிரேக் போட்டுப் பார்ப்பான். பின்னாடியே நான் வேன்ல வந்து ஆரன் அடிப்பேன். நான் குருமூர்த்தி, ஓசூர் சிப்காட் கம்பெனிக்கு ஆள் ஏத்தற வேன் ஓட்டறவன். ஜெனரல் ஷிப்டுக்கு ஆள் ஏத்தறதுக்கு முன்னாடி பாப்பாவுக்குக் காவல் போறது என் வேலை. தாய்மாமன்னா சீர் செய்யறது மட்டுமில்ல, டீசலும் போடணும்.

தேசியப் போட்டியில பாப்பா ரெண்டாவது வந்தா. முதலாவது வந்தது தேசிய கேம்ப்ல தங்கிப் பயிற்சி எடுக்கற பொண்ணு. பாப்பாவும் ஒரு தடவை அந்தக் கேம்புக்குப் போனா. போன வேகத்துல திரும்பி வந்துட்டா. அங்க காலையில ஒரு ஊசி, மத்தியானம் ஒரு மாத்திரை, காலையில போட்ட ஊசி வெளிய தெரியாம இருக்க சாயங்காலம் இன்னொரு ஊசி. எல்லாத்துக்கும் வைட்டமின்னு ஒரே பேரு. எனக்குக் கேழ்வரகுக் களியே போதும் மாமான்னு சொல்லி, பெட்டியை வேன்ல தூக்கிப் போட்டுட்டு நடக்க ஆரம்பிச்சா.

இந்த ஊசி மாத்திரைக்காரங்களைப் பிடிக்கறதுக்குன்னே டெல்லியில தேசியத் தூய விளையாட்டு ஆணையம்னு ஒண்ணு இருக்கு. ரொம்பக் கண்டிப்பான ஆணையம். அது கண்டிப்பா இருக்கறது எங்க பாப்பாகிட்ட. போன்ல ஒரு ஆப் குடுத்திருக்காங்க. தினமும் ஒரு மணி நேரம் எங்க இருப்போம்னு அதுல முன்கூட்டியே சொல்லிடணும். பாப்பா சொன்னது காலையில அஞ்சுல இருந்து ஆறு, வீட்ல. அந்த நேரத்துல அவங்க வந்து ஆள் இல்லைன்னா அது ஒரு தப்பு. ஒரு வருஷத்துல மூணு தப்பு சேர்ந்தா ரெண்டு வருஷம் மைதானத்துல காலே வைக்கக் கூடாது. சரி, சட்டம்னா சட்டம். ஆனா ஒண்ணு கவனிச்சேன். மத்த மாசம் எப்பவாவது வர்ற ஆணையத்துக்காரங்க, வைகாசி பொறந்து எங்க பக்கம் மாந்தோப்புல காய் பழுக்க ஆரம்பிச்சா வாரா வாரம் வருவாங்க. பழத்தோட சேர்ந்து அவங்க சந்தேகமும் பழுத்துடும்.

அந்த வருஷம் பாப்பா கணக்குல ஏற்கெனவே ரெண்டு தப்பு ஏறியிருந்தது.

முதல் தப்பு யானையோடது. தை மாசம் காட்டுல இருந்து யானைக் கூட்டம் இறங்கி ரோட்டுல நின்னுக்கிச்சு. ஆணையத்துக் கார் யானைக்கு அந்தப் பக்கம், எங்க ஊர் இந்தப் பக்கம். வனத்துறைக்காரங்க வெடி போட்டு விரட்டறதுக்குள்ள எட்டு மணி ஆயிடுச்சு. வீராங்கனை சோதனைக்குக் கிடைக்கலைன்னு எழுதிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. யானையைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கேட்டதுக்கு, அவங்க ஆப்ல யானைக்கு இடமில்லைன்னு பதில் வந்தது.

ரெண்டாவது தப்பு எங்க அக்கா சென்னம்மாவோடது. கொரோனா காலத்துல கழுத்துல அடையாள அட்டை, கையில ஐஸ் பெட்டி, விடியக்காலம் கதவைத் தட்டறவங்கன்னா அது ஊசிக்காரங்கதான். அப்ப ஊரே ஒரு பதிலை மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தது. ஊசி போய் வருஷம் ஆகியும் அக்கா வாயில இருந்து பதில் போகலை. ஆணையத்துக்காரங்க அதே அட்டை, அதே பெட்டியோட வந்து நின்னு பிரியதர்ஷினி இருக்காங்களான்னு கேட்டதும் அக்கா பாட்டுக்கு, "அவ ஊர்ல இல்லீங்க. ரெண்டு ஊசியும் போட்டாச்சு"ன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டா.

பாப்பா உள்ள பல் விளக்கிக்கிட்டு இருந்தா.

வந்தவங்க அதை அப்படியே எழுதிக்கிட்டாங்க. வீராங்கனை இல்லை, ரெண்டு ஊசி போட்டதாகத் தாயாரே ஒப்புக்கொண்டார்னு. அது என்ன ஊசின்னு விசாரிக்கறதுக்கே ரெண்டு மாசம் ஓடிச்சு. கடைசியில கொரோனா சர்டிபிகேட்டை அனுப்பி, ஊசியில இருந்து தப்பிச்சோம். ஆள் இல்லாத தப்பு மட்டும் அப்படியே நின்னுடுச்சு.

வைகாசிக் கடைசியில ஆசியப் போட்டிக்கு ஆள் கிளம்புது. கேம்ப்ல இருந்து ரெண்டு பொண்ணுங்க பேரு பட்டியல்ல இருக்கு. பாப்பா மாற்று ஆள். அவங்கள்ல யாருக்காவது காய்ச்சல் வந்தா இவ போகலாம். அந்த மாற்று ஆள் இடத்துக்காகவே ரெண்டு வருஷமா கல்யாணப் பேச்சைத் தள்ளிப் போட்டிருக்கா. கம்பெனியில நின்னுக்கிட்டே வேலை பார்த்துட்டு வந்து திரும்பவும் ரோட்டுல இறங்கி நடப்பா. இன்னும் ஒரே ஒரு தப்பு, எல்லாம் போச்சு. அக்காவுக்குத் தன் வாயாலதான் இந்த நிலைமைன்னு மனசு அறுத்துக்கிட்டே இருந்தது. பாப்பா ஆசியப் போட்டிக்குப் போகணும்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு, திருவிழாவுல பாப்பா கையில காப்புக் கட்ட வெச்சா.

எங்க ஊர்க் காப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன். கம்பம் நட்டு, மஞ்சள் கயிறு கையில ஏறிச்சுன்னா திருவிழா முடியற வரைக்கும் ஊர்க் கட்டு. பகல்ல வேலை வெட்டிக்கு எங்க வேணும்னாலும் போகலாம், ராத்திரி ஊர் எல்லைக்குள்ள வந்து படுத்தாகணும். காப்புக் கட்டின கையோட பொய் பேசக் கூடாது, பேசினா அம்மன் வாயில கொப்புளம் போட்டுடுவா. கோயில் கோபுரத்தைவிட உசரமான இடத்துல ஏறக் கூடாது. டெல்லி ஆணையம் ஒரு மணி நேரம்தான் கேக்குது, எங்க மாரியம்மன் ராத்திரி முழுசும் கேப்பா. அவகிட்ட ஆப் எல்லாம் இல்ல, ஆனா ஒருத்தரும் தப்பினது கிடையாது.

காப்புக் கட்டின மறுநாள் விடியக்காலம் ஆணையத்துக் கார் வந்து நின்னது. இறங்கினது ரெண்டு பேர். ஒருத்தர் பாலாஜி சார், பெங்களூரு கிளைக்குத் தலைவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். இன்னொண்ணு அனிதா, மைசூர்ப் பொண்ணு. பாப்பா ஒண்ணுக்குப் போறப்ப பக்கத்துல நின்னு கண்ணால பார்க்கறதுதான் அந்தப் பொண்ணோட உத்தியோகம். அதுக்கு எம்.எஸ்சி. படிச்சிருக்குதாம். இந்தத் தடவை அக்கா கதவை விரியத் திறந்து வெச்சு, இருக்கா, இருக்கா, உள்ளதான் இருக்கான்னு மூணாவது தெருவுக்குக் கேக்கற மாதிரி சொன்னா.

ஆள் இருந்தா. ஒண்ணுக்குத்தான் வரலை. ஒருத்தர் உத்துப் பார்த்துக்கிட்டு நின்னா யாருக்குத்தான் வரும்? அக்கா மோர் குடுத்தா, சீல் போடாத எதையும் குடிக்கக் கூடாதுன்னு பாலாஜி சார் தடுத்துட்டார். அந்த மோரை அவரே குடிச்சார். பாப்பா சாந்தம்மா கடையில இருந்து பாட்டில் பாட்டிலாத் தண்ணி வாங்கிக் குடிச்சா. தெருவுல ஆள் கூடிப் போச்சு. வந்ததா, வந்ததான்னு போறவங்க வர்றவங்க எல்லாம் கேட்டுட்டுப் போனாங்க. வெயில் ஏறி, பாலாஜி சார் எங்க வீட்டுக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டு, மாம்பழத்துல கையை வெச்சப்பதான் உள்ள இருந்து அனிதா ஜெயிச்ச மாதிரி வெளிய வந்தது. ரெண்டு கண்ணாடி பாட்டில். நம்பர் போட்டு, பாப்பாகிட்ட கையெழுத்து வாங்கி, சீல் வெச்சு, ஐஸ் பெட்டியில இறக்கினாங்க. அக்கா அம்மன் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டா. மூணாவது தப்பு இல்லாம தப்பிச்சோம்னு நானும் மூச்சு விட்டேன்.

கார் ஊர் எல்லை வரைக்கும்தான் போச்சு. அங்க வேப்பிலைத் தோரணத்துக்குக் கீழ பூசாரி சம்பங்கி உக்காந்திருந்தார். பெட்டியில என்னன்னு சும்மாத்தான் கேட்டார். அனிதா வெள்ளை மனசு, பிரியதர்ஷினியோட சாம்பிள்னு உள்ளதைச் சொல்லிடுச்சு. சம்பங்கி எழுந்து வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு காருக்கு முன்னாடி வந்து நின்னார். காப்புக் கட்டின பொண்ணோடது ராத்திரி ஊருக்குத் திரும்பி வருமான்னு கேட்டார். வராது, டெல்லி லேபுக்குப் போகுதுன்னாங்க. அப்படின்னா போகக் கூடாதுன்னுட்டார்.

ஊர்க் கவுண்டர் வந்தார், பஞ்சாயத்துக் கூடிச்சு. கம்பெனிக்குப் போற பசங்கள்ல ஒருத்தன் நியாயமாத்தான் கேட்டான், நாங்க தினமும் கம்பெனி கக்கூஸ்ல விட்டுட்டுத்தானே வர்றோம், அது மட்டும் எல்லை தாண்டலையான்னு. சம்பங்கி அசரலை. அது தானாப் போனது, இது கையெழுத்து வாங்கி, சீல் வெச்சு, கார்ல உக்கார வெச்சு மரியாதையாப் போறது, மரியாதை குடுத்துட்டா அது ஆள் கணக்குதான்னு சொல்லிட்டார். அவர் சொன்னதுல ஒரு ஞாயம் இருக்கறது மாதிரியே எனக்கும் பட்டது.

பாலாஜி சார் எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கிட்டார். "பெரியவங்களே, சீல் வெச்ச நிமிஷத்துல இருந்து இது அந்தப் பொண்ணோடது கிடையாது. ஆணையத்தோட சொத்து."

"சரிங்க. இதுல மருந்து இருந்தா தண்டனை ஆணையத்துக்கா?" சம்பங்கி கேட்டார்.

"அது எப்படி? பொண்ணுக்குத்தான்."

"அப்ப பொண்ணு இதுக்குள்ளதாங்க இருக்கா."

பஞ்சாயத்து அதோட முடிஞ்சுது.

எங்க ஊர்ல போன் டவர் எடுக்கறது ஒரே இடத்துலதான், தண்ணி டேங்க் உச்சியில. பாலாஜி சார் டேங்க் ஏணியில ஏறி டெல்லிக்குப் பேசினார். கீழ நின்ன எங்களுக்கு எல்லாம் காதுல விழுந்தது. தாமதத்துக்குக் காரணம் எழுதறதுக்கு டெல்லியில நாலே நாலு இருக்குதாம்: வெள்ளம், பூகம்பம், போர், கலவரம். மாரியம்மன் இல்ல. கலவரத்துல சேர்த்துடலாமான்னு டெல்லி கேட்டது. இல்ல சார், மோர் குடுக்கறாங்கன்னு இவர் சொன்னார். அப்ப ஒண்ணும் பண்றதுக்கில்ல, பெட்டி உங்க கண்ணை விட்டு அகலக் கூடாது, அகன்றா வீராங்கனை சாம்பிளைக் கெடுத்ததாக் கணக்கு, நாலு வருஷம் தடைன்னு டெல்லி போனை வெச்சுடுச்சு. இவர் இறங்கி வந்தார். பெட்டியை விட்டு இவர் போக முடியாது, ஊரை விட்டுப் பெட்டி போக முடியாது. ரெண்டு சட்டமும் ஒண்ணோட ஒண்ணு அழகாப் பொருந்திடுச்சு.

"ஸார், ஈக ஏனு மாடோது?" இப்ப என்ன பண்றதுன்னு அனிதா கன்னடத்துல கேட்டது. அவர் பெட்டியைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டார்.

பாப்பா வேனுக்குப் பின்னாடி போய் நின்னுக்கிட்டா. அழுதிருக்கா, கண்ணைப் பார்த்தாத் தெரிஞ்சுது. "ஒரு பாட்டிலுக்காக ஊரும் டெல்லியும் சண்டை போடுது. நடக்கறது நான்தானே மாமா? என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?" எனக்கும் கோபம் வந்தது. யார் மேல படறதுன்னுதான் தெரியலை.

கடைசியில சம்பங்கியே வழி சொன்னார். பெட்டிக்கும் காப்புக் கட்டிடலாம், காவலுக்கு இருக்கறவங்களுக்கும் கட்டிடலாம், திருவிழா முடிஞ்சு காப்பு அவுத்ததும் எல்லாரும் மரியாதையாப் போகட்டும். பாலாஜி சார் கையில மஞ்சள் கயிறு ஏறிச்சு. அனிதாவும் கட்டிக்கிச்சு. ஐஸ் பெட்டிக் கைப்பிடியில வேப்பிலையோட ஒரு கயிறு. பாட்டில் கெடக் கூடாதில்லையா, சாந்தம்மா கடை ஐஸ்கிரீம் பெட்டியில குல்ஃபிக்குப் பக்கத்துல கொண்டுபோய் வெச்சோம். சாந்தம்மா அதுக்கு மேல, இது விற்பனைக்கு அல்லன்னு அட்டை எழுதி ஒட்டினா.

அன்னியில இருந்து பாலாஜி சார் கடை வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உக்காந்தார். குழந்தைங்க குல்ஃபி கேட்டா எழுந்து நிப்பார், சாந்தம்மா மூடியைத் திறந்து மூடற வரைக்கும் உள்ளயே பார்த்துக்கிட்டு இருப்பார். பொழுது போகணுமே, மாம்பழம் சாப்பிட்டார். எங்க பக்கம் பழத்தோட காம்பைக் கிள்ளி, பாலை வடிய விட்டுட்டுத்தான் வாயில வைப்போம். அந்தப் பால் உதட்டுல பட்டா வெந்துடும். அவரு காம்போட கடிச்சார். தோப்புக்காரங்க கூடை கூடையாக் கொண்டு வந்து குடுத்தாங்க, எல்லாத்தையும் காம்போட கடிச்சார். மூணாம் நாள் உதடு ரெண்டு பக்கமும் கொப்புளம் கிளம்பிடுச்சு.

கண்ணாடியில பார்த்துட்டு மனுஷன் வெளிறிப் போயிட்டார். நான் என்னய்யா பொய் சொன்னேன்னு சம்பங்கிகிட்டப் போய் நின்னார். சம்பங்கி கொப்புளத்தைப் பார்த்தார், கையில இருந்த மாங்கொட்டையைப் பார்த்தார், விபூதியைக் குடுத்தார். ஊர்ல பொடிசுங்க வரைக்கும் எல்லாருக்கும் தெரியும் அது என்ன கொப்புளம்னு. ஒருத்தரும் வாயைத் திறக்கலை. காப்புக் கட்டினவங்க பொய் பேசக் கூடாதுன்னுதான் சட்டம், உண்மையை ஓடிப் போய்ச் சொல்லணும்னு இல்ல.

அன்னிக்குச் சாயங்காலம் அவர் அனிதாவுக்குத் தெரியாம என்னைத் தனியாக் கூப்பிட்டார். காப்புக் கட்டிட்டதால டேங்க் ஏற முடியலையாம், அது கோபுரத்தைவிட உசரம். நான் தினமும் ஓசூர் போறவன், அங்க போய் ஒரு நம்பருக்குப் போன் பண்ணி, வெள்ளிக்கிழமை விருந்தாளி வர்றாங்கன்னு மட்டும் சொல்லணும்னார். யாரு விருந்தாளி, யாரு வீட்டுக்குன்னு கேட்டேன். வேற நாள்னா ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பார். கை தானா உதட்டுக்குப் போச்சு.

"வெளிநாட்டுச் சோதனைக்காரங்க தேசிய கேம்புக்குத் திடீர்னு வர்றாங்க. கோச்சுக்கு முன்கூட்டியே சொல்லணும். எப்பவும் நான்தான் சொல்லுவேன்."

"திடீர்னு வர்றதை எப்படி சார் முன்கூட்டியே சொல்றது?"

"அதுதாங்க எங்க நிர்வாகத் திறமை."

பெருமையாத்தான் சொன்னார். நம்பரை வாங்கிச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். ராயக்கோட்டை ரோட்டுல, ஓசூர் பஸ் ஸ்டாண்டுல, சிப்காட் கேட்டுல, எல்லா இடத்துலயும் போன்ல டவர் நல்லா இருந்தது. எனக்குத்தான் பண்ணத் தோணலை. யானை வந்தப்ப எங்களுக்கு யாரு முன்கூட்டியே போன் பண்ணாங்க? நான் ஊருக்குத் திரும்பி வந்ததும் பண்ணியாச்சான்னு கேட்டார். பண்ணலை சார்னேன். என் கையிலயும் கயிறு இருக்குதே.

வெள்ளிக்கிழமை வந்தது, போச்சு. அவரு அன்னிக்கு மாம்பழமே சாப்பிடலை.

ஞாயித்துக்கிழமை கம்பம் பிடுங்கிக் காப்பு அவுக்கற நாள். விருந்தாளியா வந்தவரை வெறுங்கையோட அனுப்ப முடியுமா, ஊர்க் கவுண்டர் பொன்னாடை போத்தி மைக்கைக் குடுத்தார். ரெண்டு வார்த்தை பேசட்டும்னுதான். காப்பு இன்னும் அவுக்கலை, உதட்டுல கொப்புளம் இன்னும் ஆறலை. மனுஷன் மைக்கைப் பிடிச்சு, அம்மனைப் பார்த்துக் கும்பிட்டுட்டு ஆரம்பிச்சார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. நம்ம நாட்டுலயே அதிகமா சோதனை பண்ணப்பட்ட வீராங்கனை உங்க ஊர்ப் பொண்ணு பிரியதர்ஷினிதான். இது ஊருக்கே பெருமை. ஏன் இத்தனை சோதனைன்னு நீங்க கேக்கலாம். மருந்து எடுக்கறவங்க சதவீதத்தைக் குறைக்கணும்னு மேலிடத்து உத்தரவு. மருந்து எடுக்கறவங்களைக் குறைக்க எங்களால ஆகலை. அதனால எடுக்காதவங்களை அதிகமாச் சோதிக்கறோம். தேடித் தேடிப் பார்த்ததுல எங்களுக்கு அப்படிக் கிடைச்சது உங்க பொண்ணுதான். ஒவ்வொரு தடவை அவ பாட்டில் டெல்லிக்குப் போறப்பவும் நாடு கொஞ்சம் சுத்தமாகுது. அவ ஆசியப் போட்டிக்குப் போகலையேன்னு யாரும் வருத்தப்பட வேண்டாம். போனா அங்க எடுக்கற சோதனை எங்க கணக்குல வராது. அவ இங்கயே இருந்து தொடர்ந்து நாட்டுக்குச் சேவை செய்யணும்னு அம்மனை வேண்டிக்கறேன்."

ஊர் கை தட்டிச்சு. மைக்ல பேசினா எங்க ஊர் கை தட்டிடும், அது பழக்கம். அக்கா மட்டும் தட்டலை. பாப்பா கையில இருந்த மாவிளக்குத் தட்டைக் கீழ வெச்சுட்டு நேரா ரோட்டைப் பார்த்துப் போனா. காப்பு அவுக்கறதுக்கு ஆள் போய்க் கூட்டிட்டு வர வேண்டியதாப் போச்சு.

காப்பு அவுத்த கையோட பாலாஜி சார் டேங்க் மேல ஓடினார். ஏறினவர் வெகு நேரம் இறங்கலை. அப்புறம் அனிதா போய்க் கையைப் பிடிச்சு இறக்கிட்டு வந்தது. வெள்ளிக்கிழமை கேம்புக்கு விருந்தாளிங்க வந்திருக்காங்க. நம்ம ஆளுங்களுக்குத் தகவல் இல்ல. உசரம் தாண்டற பசங்க காம்பவுண்டுச் சுவரைத் தாண்டியிருக்காங்க. குண்டு எறியறவங்க மாத்திரை டப்பாவை எறிஞ்சிருக்காங்க. நடைப்போட்டிப் பொண்ணுங்க ரெண்டு பேரும் ரெண்டு காலும் தரையில படாம ஓடியிருக்காங்க. அன்னிக்கு எத்தனை தேசியச் சாதனை முறிஞ்சுதோ, அளந்து எழுத ஆள் இல்லாமப் போச்சு. ஓட முடியாதவங்களைச் சோதிச்சு, ஓடினவங்களுக்கு ஓடினதுக்கே தடை போட்டுட்டாங்க.

நாட்டுல மிச்சம் இருந்த நடை எங்க பாப்பாவோடதுதான். டெல்லிக்கு அதுலயும் சந்தேகம். எல்லாரும் மாட்டி ஒருத்தி மட்டும் மாட்டலைன்னா அது இயல்புக்கு மாறானதுன்னு ஒரு நாள் பூரா யோசிச்சாங்க. சாந்தம்மா கடை பாட்டிலை விமானத்துல வரவழைச்சுச் சோதிச்சாங்க. மருந்து இல்ல, வெளிய லேசா ஏலக்காய் வாசனை, அது தடைப் பட்டியல்ல இல்லைன்னு முடிவு வந்தது. பாப்பாவை பெங்களூரு ஏர்போர்ட்டுல நான்தான் வேன்ல கொண்டுபோய் விட்டேன். அக்கா வழி நெடுக ஒரு வார்த்தை பேசலை. ஏதாவது பேசி அதை யாராவது எழுதிக்குவாங்களோன்னு பயம்.

பாப்பா நாலாவது வந்தா. அவ வாழ்க்கையிலயே அதுதான் அதிக வேகம். என்னால முடிஞ்ச வரைக்கும் நடந்தேன் மாமான்னு போன்ல சொன்னா. ஆறுதல் சொன்னது பாலாஜி சார்தான். முன்னாடி வந்த மூணு பேர்ல ஒருத்தராவது மாட்டாம இருக்க மாட்டாங்க, பொறுமையா இரும்மா, மெடல் கூரியர்ல வரும்னார். அவர் சொன்னதுல பலிச்சது அது ஒண்ணுதான்.

மறு வருஷம் வைகாசி, காப்புக் கட்டின நாலாம் நாள் கூரியர் வந்தது. மூணாவது வந்த பொண்ணு மாட்டி, வெண்கலம் எங்க தெருவுக்கு வந்து சேர்ந்தது. பாப்பா அதைக் கழுத்துல போட்டுப் பார்த்தா, கழட்டிப் பார்த்தா, கடைசியில போட்டுக்கிட்டே தூங்கிட்டா. அக்கா ராத்திரி ரெண்டு தடவை எழுந்து விளக்கைப் போட்டுப் பார்த்ததா மச்சான், பாப்பாவோட அப்பா, சொன்னார்.

மூணு நாள் கூட ஆகலை. விடியக்காலம் பாலாஜி சார் வந்து நின்னார். கழுத்துல அட்டை, கையில பெட்டி. இந்தத் தடவை பாட்டிலுக்கு இல்ல, மெடலுக்கு. கூரியர்காரன் குடுத்தது செல்லாதாம். மெடலைத் திரும்ப வாங்கிட்டுப் போய், டெல்லியில மேடை போட்டு, மந்திரி கையால கழுத்துல போட்டு, போட்டோ எடுத்து, அப்புறம் பாதுகாப்புக்காக ஆணையத்துக் கண்ணாடி அலமாரியில வெச்சுக்குவாங்களாம். நான் வேனைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். உள்ள பாப்பா மெடலோட உக்காந்து களி தின்னுக்கிட்டு இருக்கா. வாசல்ல நின்னா தட்டு சத்தமே கேக்கும்.

அக்கா வாசப்படியில குறுக்க வந்து நின்னா. கையில மஞ்சள் கயிறு. பாலாஜி சாரை ஏற இறங்கப் பார்த்தா.

"அவ ஊர்ல இல்லீங்க. ரெண்டு ஊசியும் போட்டாச்சு."

கதவைச் சாத்திட்டா. பாலாஜி சார் பழக்க தோஷத்துல, வீராங்கனை கிடைக்கலைன்னு எழுதிக்கிட்டு கார்ல ஏறிட்டார்.

காப்புக் கையோட பொய் சொல்லிட்டியே அக்கான்னு எனக்குத்தான் பகீர்னு இருந்தது. திருவிழா முடியற வரைக்கும் தினமும் அவ உதட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு கொப்புளம் வரணுமே, ஊஹூம். எங்க அக்கா மாம்பழத்தைக் காம்பு கிள்ளித்தான் சாப்பிடுவா.